மேல நிக்கிற ஆள்

முதல் மோதிரத்தைக் கழட்டும் தம்பி. நகத்தைக் காட்டும் பாப்பம். பெருவிரல் நகம் கூடிப்போச்சு. அந்தத் தட்டில நகவெட்டி கிடக்குது, வெட்டிப்போட்டு வாரும். சிரிக்காதேயும், நீர் வாங்க வந்த இந்தச் சுழியோடுற சூட்டுக்கு நகம்தான் எமன். உள்பக்கத்தைத் தடவிப் பாரும். துணி இல்லை, வெறும் றப்பர். நுணுக்கமாக் கண் கண்ணா இருக்கும், தோலில அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்ப தண்ணி உள்ளுக்க ஓட இடமில்லை, அதாலதான் குளிராது. ஆனா ஒரு நகம் பட்டால் காணும், பாண் மாதிரிப் பிஞ்சு வரும்.

துடைக்கிறதெண்டால் இந்தா, இந்த வெள்ளைத் துவாய். ஆணியில தொங்குற பச்சைத் துவாயைத் தொடாதேயும். அது எங்கட இல்லை.

என்ன, நெஞ்சில உள்ள கோடோ? அது ஒட்டு. ஒட்டு எண்டாலும் கொம்பனிக்காரன் ஒட்டினதை விடத் திறம். ஒரு சொட்டு வராது. பேந்து சொல்றன், முதல் காலைப் போடும்.

இந்த வாளிக்க இளஞ்சூட்டுத் தண்ணி. அதுக்க மனுசி தலைக்குப் போடுற கண்டிசனரைக் கொஞ்சம் கரைச்சு வைச்சிருக்கிறன். சவுக்காரம் கூடாது, கண் எரியும். கழுசானுக்க ஊத்தும், நல்லாக் குலுக்கும், மிச்சத்தை வெளியில விடும். இப்ப காலை விடும். நகத்தால இழுக்காதேயும் எண்டு சொன்னனான் எல்லே. உள்ளங்கையால தள்ளும். ஆ, அப்பிடித்தான். பாத்தீரே, வழுக்கிக்கொண்டு போகுது. மேல இழும், நெஞ்சுமட்டும் வரும் அது.

உமக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. நீர் எத்தினை கிலோ? எழுபத்தி ரெண்டோ? ம்ம்.

இது என்ர மச்சான் அல்போன்சின்ர. தங்கச்சி ஜெனோவாவின்ர புருசன். இஞ்சயிருந்து கால் மணித்தியாலம், பாலம் தாண்டி அங்கால வீடு. ஒண்டரை வருசமா அவன் என்னோட கதைக்கிறேல்ல தம்பி. எதுக்கெண்டு நினைக்கிறீர்? இந்தக் கோட்டுக்கு. ஒரு றப்பர்ச் சட்டையை வெட்டிப்போட்டன் எண்டு மனுசன் ஒண்டரை வருசம் வாய் திறக்காமல் இருக்கிறான். உயிரைக் காப்பாத்தினவனுக்கு இதுதான் மரியாதை. கோயிலில நான் வலப்பக்கம் இருந்தால் அவன் இடப்பக்கம். சமாதானம் சொல்லிக் கை குடுக்கிற நேரத்தில, பூசைக்க, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நோர்வேக் கிழவிக்குக் கை குடுக்கிறான்.

சரி, மேற்சட்டை. இதுக்குள்ளயும் ஊத்தும். கையை விடும், ரெண்டு கையும் ஒண்டா. இப்ப தலை. தொப்பி சட்டையோட சேந்தது, அதால கழுத்து இறுக்கும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளும். வந்திட்டுது. முகத்தைத் திருத்தும், மயிர் ஒண்டும் வெளியில நிக்கக்கூடாது, அதால தண்ணி வரும். திரும்பும். முதுகுப் பள்ளத்தில இடைவெளி இல்லை. கமக்கட்டு? இல்லை. திறம்.

சூட் எடுக்கிறதெண்டால் எங்க இடைவெளி இருக்கெண்டுதான் பாக்கவேணும். இடைவெளி இருந்தால் தண்ணி நிக்கும். இஞ்ச ஒக்டோபரில தண்ணி ஏழு பாகை. ஒவ்வொருக்கா இறங்கேக்கயும் அந்த ஏழு பாகை முதுகில ஓடினால் அரை மணித்தியாலத்தில கை விறைச்சு இடுப்பில கட்டுற ஈயப் பெல்ற்றைக் கழட்டேலாமல் போகும். இதைத்தான் அல்போன்சுக்கும் சொன்னனான். இதை வாங்கேக்க அவன் கடையில நிண்டு, மச்சான் நெஞ்சைப் பிடிக்குது எண்டவன். நான் சொன்னன், நெஞ்சைப் பிடிக்கேல்ல, உன்ர வண்டி வயித்தைப் பிடிக்குது, பியரைக் குறை எண்டு. கடைக்காரப் பெட்டையும் சிரிச்சவள். அவள் இன்னொரு அளவு பெரிசு கொண்டுவாறன் எண்டு வெளிக்கிட்டவள், நான்தான் வேண்டாமெண்டன். றப்பர் குடுக்கும், ரெண்டு மூண்டு தரம் போட்டால் இளகும் எண்டன். என்ர அனுபவத்தில சொன்னனான்.

குடுக்கும்தான். கொஞ்சம்.

நீர் ஒருக்கா மூச்சை இழுத்துப் பாரும். முழுசா. விலா விரியுதோ? அடிவயித்தில இருந்து இழும். பிடிக்குதெண்டால் சொல்லும், வெக்கப்படாதேயும். பிடிக்கேல்லையோ? நல்லது. நீர் மெல்லிய ஆள். அல்போன்ஸ் தொண்ணூறுக்குக் கிட்ட.

நாங்கள் ஊரில பேசாலை, கடற்கரை ஆக்கள். ரெண்டு பேரும் சங்கு குளிச்சவங்கள். இந்தச் சட்டை கிட்டையெல்லாம் இல்லை, ஒரு கழுசானோட. குளிக்கிறவன் காலில கல்லுக் கட்டிக்கொண்டு இறங்குவான், வள்ளத்தில ஒருத்தன் கயிறு பிடிச்சுக்கொண்டு நிப்பான். கயிறு அசைஞ்சால் இழுக்கவேணும். அந்தக் கயிறை எல்லார்ர கையிலயும் குடுக்கிறேல்ல. பொஞ்சாதியின்ர அண்ணன் தம்பியின்ர கையிலதான் குடுக்கிறது. ஏன் சொல்லும்? கூடப்பிறந்த அண்ணன் தம்பி எண்டால் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிறை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான். விட்டால் அறுகிறது அவன்ர தங்கச்சியின்ர தாலி. அல்போன்ஸ் ஜெனோவாவைக் கட்டின மற்றக் கிழமையே கயிறு என்ர கைக்கு வந்திட்டுது.

இஞ்ச வந்து மீன் பக்டரியில வேலை. பதினஞ்சு பதினாறு வருசத்துக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில நிண்டு பாத்தால், பளிங்குத் தண்ணி, கீழ சிப்பி கிடக்குது. விசிறி மாதிரிச் சிப்பி, ஒவ்வொண்டும் கோப்பை அளவு. அண்டைக்குப் பிடிச்ச விசர்தான். கயிறு இல்லை, கல்லும் இல்லை, ஆனா சட்டம் அதேதான். ஒராள் கீழ, ஒராள் மேல. கீழ போனவன் வந்து, ரெண்டு மூச்சு விட்டு, விரலால சரி எண்டு காட்டுமட்டும் மேல நிக்கிறவன் கண்ணை எடுக்கக்கூடாது. முகத்தைத் தண்ணிக்க வைச்சுக்கொண்டு பாத்தபடி நிக்கவேணும். அவன் வந்த பிறகுதான் இவன் இறங்கலாம். பதினாலு வருசம் ஒருநாள் பிசகினதில்லை.

இன்னொண்டு. இந்தச் சட்டையை ஒராள் தனியக் கழட்டேலாது. போடலாம், கழட்டேலாது. குளிர்ல விறைச்ச கையோட, தோலில ஒட்டினதைத் தலைக்கு மேலால உரிக்க இன்னொருத்தன் வேணும். அவன் குனிவான், நான் பின்பக்கத்தால பிடிச்சு இழுப்பன், முயல் உரிக்கிற மாதிரி. பிறகு நான் குனிவன், அவன் இழுப்பான். அந்த நேரம் உள்ளுக்க ஒரே இருட்டு, கண்டிசனர் மணம். வெளியில என்ன நடக்குதெண்டு ஒண்டும் கேக்காது. அவன்ர கை மட்டும் தெரியும்.

அந்த ஒக்டோபர்ச் சனிக்கிழமை, ஓம், சொல்றன். அண்டைக்குத்தான் அவன் இந்தப் புதுச் சூட்டோட முதல்முதல் இறங்கினது. காத்தில்லை. கரையில நிண்டு போடேக்கயும், மச்சான் மூச்சு இழுக்க ஏலாமல் கிடக்குது எண்டவன். வயசு போனால் அப்பிடித்தான் எண்டு நான் பகிடி விட்டன். நாலைஞ்சு தரம் இறங்கி ஏறினவன். நல்லாத்தான் இருந்தவன். பேந்து ஒருக்கா இறங்கினான். பதினாறு மீற்றர். நான் மேல நிண்டனான். மேல நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவன் வந்தான், வரேக்க மேல கிட்டவா வந்து மயங்கிட்டான். அப்பிடித்தான் நடக்கிறது, அடியில ஒண்டும் நடக்காது, வெளிச்சத்துக்குக் கிட்ட வந்துதான் ஆள் அணையும். குப்புற மிதந்தவன். நான் உடன பிரட்டி, கண்ணாடியைக் கழட்டி, முகத்தில ஊதி, கன்னத்தில தட்டி, அல்போன்ஸ் அல்போன்ஸ் எண்டு கூப்பிட்டன். மூச்சு இல்லை. கரைக்கு இழுத்துக்கொண்டு போனன். கல்லில போட்டுப் பாத்தால் நெஞ்சு ஏறுதில்லை. இந்தச் சட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. சிப்பிக் கத்தியை எடுத்துக் கழுத்தில இருந்து வயிறுமட்டும் ஒரே கீறு. நெஞ்சு விரிஞ்சுது. வாயால ஊதினன், தண்ணி வந்துது, இருமினான்.

அதுதான் அந்தக் கோடு. தோலில கத்தி படேல்ல. அவ்வளவு நடுக்கத்திலயும் ஒரு கீறல் படேல்ல. அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இப்ப நடக்கிறான், கார் ஓடுறான், ஆனா இடக்கை கொஞ்சம் நடுங்கும், ஆக்களின்ர பேர் மறந்துபோகும். இனிக் கடலுக்க இறங்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். டொக்டருக்கு என்ன தெரியும்? குறைஞ்சது ரெண்டு நிமிசம் தண்ணிக்க முகம் கிடந்திருக்கு எண்டு அவர் எழுதிக் குடுத்திட்டார். அவர் அங்க நிண்டவரே? ரெண்டு நிமிசம் எங்கயிருந்து வந்தது? ஒரு நிமிசம். கூடினால் ஒரு நிமிசம். எட்டு மீற்றர் போய் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

என்ன பாக்கிறீர்?

மேலதான் நிண்டனான். ஒருக்கா மட்டும் குனிஞ்சு பாத்தன். குனிஞ்சு பாத்தன் எண்டால்... அந்தப் பக்கம் ஒரு பாறை இடுக்கில மூண்டு சிப்பி, ஒண்டுக்கு மேல ஒண்டு. அப்பிடி ஒண்டை நான் பதினாலு வருசத்தில காணேல்ல. எட்டு மீற்றர் தம்பி. பேசாலையில எட்டு மீற்றரை நாங்கள் குளிக்கிறது எண்டு சொல்லமாட்டம், கால் கழுவுறது எண்டுதான் சொல்லுவம். அல்போன்ஸ் இப்பதானே இறங்கினவன், அவன் வாறதுக்குள்ள போய் வந்திடலாம் எண்டு போனன். ஒண்டு பாறையோட பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டுது. கத்தியைக் குடுத்துக் கிளப்பினன். ஒரு நிமிசம். மேல வந்து பாத்தன், ஆளைக் காணேல்ல. மற்றப்பக்கம் திரும்பினன். இருபது மீற்றர் தள்ளி முதுகு தெரிஞ்சுது.

அம்புலன்ஸ்காரன் வரேக்க அந்த மூண்டு சிப்பியும் என்ர பெல்ற்றில தொங்கினபடி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. அவங்கள் போன பிறகு நான்தான் கடலுக்க எறிஞ்சன்.

ஆஸ்பத்திரியில மூண்டாம் நாள் கண் முழிச்சு அவன் கேட்ட முதல் கேள்வி என்னெண்டு நினைக்கிறீர்? அவனுக்கு அண்டைக்கு நடந்தது ஒண்டும் ஞாபகமில்லை. இறங்கினது மட்டும்தான் தெரியும். ஜெனோவா கால்மாட்டில இருக்கிறாள். இவன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, மச்சான், நீ மேல நிண்டனியோ எண்டு கேட்டவன். நான் நிண்டனான் எண்டன். தங்கச்சி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறாள், வேற என்னத்தைச் சொல்றது? அவன் ஒரு மாதிரித் தலையாட்டினான். கையை எடுத்துப் போர்வைக்குள்ள வைச்சான். அண்டையோட கதை நிண்டுது.

நான் யோசிச்சுப் பாத்தன். சூட்தான் காரணம். ஆசையா வாங்கினது, முதல்நாளே கிழிச்சுப்போட்டன். ஆருக்கும் மனம் நோகும்தானே. அந்த மாரி முழுக்க இந்தக் கீழறையில இருந்து ஒட்டினன். ஒட்டுறதெண்டால் சும்மா இல்லை. ரெண்டு விளிம்புக்கும் பசை தடவி, பத்து நிமிசம் காயவிட்டு, திருப்பித் தடவி, மில்லிமீற்றர் மில்லிமீற்றரா விரலால பொருத்தவேணும். பிழைச்சால் பிரிச்சுத் திருப்பி. மூண்டுதரம் பிரிச்சனான். என்ர மனுசி றொசாலி மேல இருந்து, உங்களுக்கு அந்தப் பசை மணத்தில மூளை பிசகப்போகுது எண்டு கத்துவாள். கிறிஸ்மசுக்கு முதல்நாள் பெட்டியில போட்டு, றிபன் கட்டி அனுப்பினன். ஜெனோவா திருப்பிக் கொண்டுவந்தாள். வாசலிலயே நிண்டு, அண்ணா, இது அவருக்கு வேண்டாமாம் எண்டாள். உள்ள வா எண்டன். வரேல்ல. என்ர தங்கச்சி தம்பி. அவளைத் தோளில வைச்சுத் திருவிழாக் காட்டினவன் நான்.

போன வருசம் மே மாசம். என்னால பொறுக்கேலாமல் போச்சு. என்ர சூட்டைப் போட்டுக்கொண்டு தனியப் போனன். ஓம், பிழைதான், சட்டத்துக்கு மாறு. நீர் ஒருநாளும் செய்யாதேயும். இறங்கினன், என்னத்தைப் பாக்கிறது, ஒவ்வொருக்கா மேல வரேக்கயும் சரி எண்டு விரலைக் காட்டுறன், காட்டுறதுக்கு ஆளில்லை. அரை மணித்தியாலத்தில ஏறிட்டன். ஏறினாப் பிறகுதான் விளங்கினது, சட்டையைக் கழட்டேலாது. குனிஞ்சு பாத்தன், கல்லில உரஞ்சிப் பாத்தன், கார்க் கதவில கொழுவி இழுத்துப் பாத்தன். வராது. கை விறைச்சுப்போச்சு. சூட்டோடயே காரில ஏறினன்.

வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டனான். றொசாலியைக் கூப்பிட்டிருக்கலாம். கார் பாலத்தைத் தாண்டிப் போட்டுது.

மணி அடிச்சன். அல்போன்ஸ்தான் திறந்தவன். பட்டப்பகல், றோட்டில ஆக்கள் போகினம், நான் ஒரு கடல்நாய் மாதிரித் தண்ணி சொட்டச்சொட்ட நிக்கிறன். அவன் என்னைப் பாத்தான். நான் குனிஞ்சன். அவ்வளவுதான். பேந்து அவன்ர கை வந்துது. இடக்கை நடுங்குறது முதுகில தெரிஞ்சுது. பின்பக்கத்தால பிடிச்சு, முந்தி மாதிரியே, அவசரமில்லாமல் இழுத்தான்.

தலை உள்ளுக்க இருக்கேக்க நான் சொன்னன். எல்லாத்தையும் சொன்னன். நான் மேல நிக்கேல்ல மச்சான், சிப்பிக்கு இறங்கினனான், கயிறை விட்டனான் எண்டு. அழுதிட்டன். நாப்பது வருசத்துக்குப் பிறகு அழுதன். றப்பருக்குள்ள இருந்து சொன்னது வெளியில கேக்காது எண்டு தெரிஞ்சுதான் சொன்னது. உள்ளுக்க இருக்கிறவனுக்கு வெளிச்சத்தம் கேக்கேல்ல எண்டால் வெளியில நிக்கிறவனுக்கு எப்பிடிக் கேக்கும்? மனப்பாரம் இறங்கட்டும் எண்டு சொன்னனான். பாவசங்கீர்த்தனம் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளும், சுவாமியார் இல்லாமல்.

சட்டை வெளியில வந்துது. அவன் அதைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டான், கனநேரம். உள்பக்கத்தை வெளிப்பக்கம் ஆக்கி வடிவாத் திருப்பினான். படியில வைச்சான். உள்ள போனான், வந்தான், அந்தப் பச்சைத் துவாயை என்ர தோளில போட்டான். கதவைச் சாத்திட்டான்.

ஒரு சொல்லு இல்லை. ஏசியிருக்கலாம். வந்த நாயையும் சீ எண்டு கலைக்கிறதுக்கு ஒரு சொல்லுச் சொல்லுவம்தானே. எனக்கு அண்டைக்குக் கோவம் பத்தின பத்து! பதினொரு மாசம் ஆச்சு. துவாய் இஞ்சதான் கிடக்குது. வேணுமெண்டால் வந்து கேக்கட்டும் எண்டு விட்டிட்டன். அதாலதான் சூட்டையும் விப்பம் எண்டு முடிவெடுத்தன். பாத்துப் பாத்து என்னத்துக்கு?

சரி, உமக்கு வியர்க்குது, கழட்டுவம். ஒருக்காப் பழகினால்தான் தெரியும். குனியும். ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டும். தலையைத் தாட்டும். நான் பின்னால பிடிக்கிறன். உள்ளுக்க இருட்டாத்தான் இருக்கும், பயப்படாதேயும். வருது, வருது...

என்ன?

காது நோகுதோ? சரி, மெல்ல இழுக்கிறன். பொறும்...

தம்பி. நீர் இப்ப உள்ளுக்க இருந்துதானே சொன்னனீர்? தலை இன்னும் உள்ளுக்கதானே கிடக்குது?

குறை நினையாதேயும், உம்மட காதுக்குக் கிட்டக் குனிஞ்சு சொல்றன், அப்பிடியே ஒரு நிமிசம் நில்லும். இன்னொருக்கா ஏதும் சொல்லும். கத்தவேண்டாம், மெல்லமாச் சொல்லும். உம்மட ஊரைச் சொல்லும்.

ஓம். இளவாலை.

இன்னும் மெல்ல. அழுறவன் கதைக்கிற மாதிரி.

கேக்குது. கிணத்துக்க இருந்து வாற மாதிரி, ஆனா ஒவ்வொரு சொல்லும் கேக்குது.

வாரும், வெளியில வாரும். இந்தாரும், முகத்தைத் துடையும். பதினாலு வருசம் நாங்கள் அந்த நேரம் கதைச்சதே இல்லை தம்பி, பல்லுக் கிட்டித்துப்போய் நிப்பம், எங்க கதைக்கிறது? அதால எனக்குத் தெரியாது. ஆண்டவரே, எனக்குத் தெரியாது.

அப்ப அவனுக்குக் கேட்டிருக்கு. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் அவ்வளவு நேரம் நிண்டிருக்கிறான். கேட்டிட்டுத்தான் உள்ள போய்த் துவாயை எடுத்துக்கொண்டு வந்தவன். நான் தலையை வெளியில எடுத்து அவன்ர முகத்தைப் பாத்துத் திருப்பிச் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான். நான் துவாயைப் போத்துக்கொண்டு காரில ஏறி வந்திட்டன். பதினொரு மாசமா அவனைத் திட்டிக்கொண்டு திரியிறன்.

இல்லைத் தம்பி, இது விக்கிறதுக்கில்லை. உமக்கு வேற ஒண்டு நானே வந்து பாத்து எடுத்துத் தாறன், நெஞ்சைப் பிடிக்காத ஒண்டா. சனிக்கிழமை கடைக்குப் போவம். இறங்கிறதெண்டால் என்னைக் கேளாமல் இறங்காதேயும், மேல ஆள் வேணும்.

நான் இப்ப பாலம் தாண்டிப் போகவேணும், அந்தப் பச்சைத் துவாயை எடுத்து ஒரு பையில போட்டுத் தாரும். எனக்குக் கை ஈரம்.